சல்லடையில் கறந்தால் எந்த மாடு நிற்கும்?

கொருக்குப்பேட்டை கேட் மூடினால் எப்போது திறக்கும் என்பது அந்தப் பக்கம் குடியிருக்கிறவர்களுக்குத் தெரியும். அப்படி ஒரு நாள் வண்டியை நிறுத்திவிட்டு நின்றபோது போனில் ஒரு செய்தி வந்தது. அயர்லாந்தில், டப்ளினில் நர்ஸாக இருக்கும் என் பழைய மாணவி அனுப்பியிருந்தாள். "சார், உங்க வீட்டு மாடுங்க ஞாபகம் வந்துச்சு" என்று ஒரு வரி, கீழே ஒரு லிங்க். சரக்கு ரயில் போய் முடிவதற்குள் ஆறு பக்கம் படித்துவிட்டேன். பின்னால் நின்ற ஆட்டோக்காரர் "இன்னா சார், தூங்கிட்டியா?" என்று கத்திய பிறகுதான் கேட் திறந்திருப்பதைப் பார்த்தேன்.

அந்த இணையதளத்தின் பெயர் டூகஸ். அது ஐரிஷ் மொழிச் சொல். பரம்பரையாக வருவது, ரத்தத்தில் ஊறியது என்று பொருள் சொல்லலாம். பூனையின் கண் வழியாக டூகஸ் வெளியே வந்துவிடும் என்று அங்கே ஒரு பழமொழி உண்டு. நாம் நாய் வாலைச் சொல்கிற இடத்தில் அவர்கள் பூனைக் கண்ணைச் சொல்கிறார்கள். டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் இருக்கும் தேசிய நாட்டாரியல் சேகரிப்பின் பல பகுதிகளைத்தான் இந்தத் தளத்தில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். காசு கிடையாது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அதில் 'பள்ளிச் சேகரிப்பு' என்ற ஒரு பகுதியை, அதிலும் பண்ணை விலங்குகளைப் பற்றிய பக்கங்களை மட்டும் மூன்று மாதமாகப் படித்து வருகிறேன். இந்த விமர்சனம் அதைப் பற்றித்தான். வாசித்தது நான், மார்க் போட்டது என் அம்மா.

முதலில் அது என்னவென்று சொல்லிவிடுகிறேன். 1935-ல் ஐரிஷ் நாட்டாரியல் ஆணையம் ஆரம்பித்தார்கள். ஊர் ஊராக ஆள் அனுப்பி, கிழவர்களிடம் கதையும் வழக்கமும் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார்கள். அது எப்போது முடியும்? 1937-ல் ஆரம்பப் பள்ளிகளையே இதில் இறக்கிவிட்டார்கள். ஆணையத்தின் ஆவணக் காப்பாளர் ஷான் ஓ சூலவான் தயாரித்த சின்னக் கையேடு ஒன்று ஆசிரியர்களுக்குப் போனது. மேல் வகுப்புப் பிள்ளைகள், 11 முதல் 14 வயது வரை இருப்பவர்கள், கட்டுரை வகுப்புக்குப் பதிலாக இந்த வேலையைச் செய்தார்கள். வீட்டில் தாத்தா பாட்டியிடம், பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் கேட்டு வந்து நோட்டில் எழுத வேண்டும். 1939 வரை நடந்தது. 26 மாவட்டங்கள், சுமார் 5,000 பள்ளிகள், சுமார் 50,000 பிள்ளைகள். சேர்ந்தது ஏறக்குறைய 7,40,000 பக்கம். பிரிட்டனோடு இருந்த வடக்கு ஆறு மாவட்டங்கள் மட்டும் இதில் இல்லை. 2017-ல் யுனெஸ்கோ இந்த ஆணையத்தின் சேகரிப்பை உலக நினைவகப் பதிவேட்டில் சேர்த்தது.

நான் முப்பத்தோரு வருடம் இங்கிலீஷ் வாத்தியார். 'பசு' கட்டுரை எத்தனை ஆயிரம் திருத்தியிருப்பேன் என்று கணக்கே இல்லை. பசு ஒரு வீட்டு விலங்கு, அதற்கு நான்கு கால்கள், இரண்டு கொம்புகள், அது நமக்குப் பால் தருகிறது. என் வகுப்பில் அண்ணன் மகளும் இருந்தாள். காலையில் சாணி அள்ளிவிட்டு, கழனித்தண்ணி வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் வருகிற பெண். அவளும் இதையே எழுதினாள். நானும் பத்துக்கு எட்டு போட்டேன். அவள் வீட்டு மாட்டுக்குக் கொம்பே கிடையாது. அது அவளுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

அயர்லாந்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்த தலைப்புகளில் ஒன்று பண்ணை விலங்குகளின் பராமரிப்பு. உங்கள் வீட்டில் என்னென்ன விலங்குகள் இருக்கின்றன, அவற்றுக்கு என்ன பெயர், எங்கே கட்டுவீர்கள், எதால் கட்டுவீர்கள், எப்படிக் கூப்பிடுவீர்கள் என்ற வகையில் போகிறது. இந்தக் கேள்விகளுக்கு மனப்பாடம் செய்து பதில் எழுத முடியாது. தொழுவத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வரவேண்டும்.

எங்கள் பின்கட்டில் அண்ணன் இன்னமும் நாலு மாடு வைத்திருக்கிறார். இரண்டு ஜெர்சி கலப்பு, ஒரு நாட்டுமாடு, ஒரு கிடாரி. அம்மாவுக்கு 82 வயது. பொன்னேரிப் பக்கத்திலிருந்து 17 வயதில் இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள். அன்றிலிருந்து முழங்கால் மடக்க முடியாமல் போகும்வரை கறந்தவள். இப்போது தொழுவத்து வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து அண்ணன் கறப்பதில் குறை சொல்வதுதான் வேலை. சாயங்காலம் கறவை முடிந்ததும் நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பக்கமோ இரண்டு பக்கமோ தமிழில் சொல்லிக் காட்டுவேன். பூதம், தேவதை என்று தனியாகப் படித்தால் இந்தப் பக்கங்கள் வேடிக்கையாகத்தான் தெரியும். மாடு வைத்திருக்கும் ஒருவர் பக்கத்தில் இருந்தால் அது வேறு படிப்பு.

முதல் நாள் பெயர்கள். மாட்டின் நிறத்தை வைத்துப் பெயர் வைப்பது அங்கே சாதாரணம். முதுகில் வெள்ளைப் பட்டை ஓடினால் டிரிமன். வரி வரியாக இருந்தால் ரீவக். "நம்ம செவலை, மயிலை, சுட்டி மாதிரிதான்" என்றாள் அம்மா. அவளுக்கு அதில் ஆச்சரியம் இல்லை. கெர்ரி மாவட்டத்து மாடு சின்ன உருவம், முழுக் கறுப்பு, மேய்ச்சல் மோசமான மலைக்காட்டிலும் தாக்குப்பிடிக்கும் என்று நான் சொன்னதும்தான் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "காராம்பசுடா அது! நாக்கும் கறுப்பானு போட்டுகீறாங்களா?" போடவில்லை. அன்று முழுக்க அதுவே அவளுக்கு மனக்குறை.

கொம்பில்லாத மாட்டுக்கு அவர்கள் மொழியில் 'மோல்' என்பது போல ஒரு சொல். அதிலிருந்து வந்த பெயரில் 'மொய்ல்ட்' என்று ஒரு மாட்டு இனமே இருக்கிறது. நம் ஊரில் கொம்பில்லாத மாட்டை மோழை என்போம். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அப்புறம் நானே என்னை அடக்கிக்கொண்டேன். சொல் ஒலிப்பது ஒன்றுபோல இருந்துவிட்டால் உடனே கடலுக்கடியில் கண்டம் தேடப் போகிற கூட்டம் நம்மிடம் ஏற்கெனவே அதிகம். தற்செயலாகத்தான் இருக்கும். ஆனாலும் அண்ணன் மகளின் அந்தக் கட்டுரை ஞாபகம் வந்தது. அந்த மாட்டின் பெயரே மோழைதான்.

இரண்டாவது, கட்டுகிற விதம். தொழுவத்தில் மாட்டைக் கழுத்தில் கயிறோ சங்கிலியோ போட்டு முளையில் கட்டுவார்கள். வைக்கோலை முறுக்கித் திரித்த கயிறு வீட்டிலேயே செய்வார்கள், அதற்கு சூகான் என்று பெயர். கறக்கும்போது உதைக்கிற மாட்டுக்குப் பின்னங்கால் இரண்டையும் சேர்த்துக் கட்ட ஒரு குட்டைக் கயிறு உண்டு. ஒரு முனையில் வளையம், மறுமுனையில் சின்ன மரக்கட்டை. கட்டையை வளையத்துக்குள் நுழைத்தால் கட்டு முடிந்தது, பிடித்து இழுத்தால் ஒரு நொடியில் அவிழ்ந்துவிடும். இதை நான் வாயால் சொன்னபோது அம்மாவுக்குப் பிடிபடவில்லை. அண்ணன் தளைக்கயிற்றை எடுத்து வந்து, பழைய குடைக்காம்பில் ஒரு துண்டை அறுத்து முனையில் முடிந்து பார்த்தார். கிடாரிக்கு அடுத்தபடியாக உதைப்பது பெரிய ஜெர்சி. அதன் காலில் எட்டுப் போல் சுற்றிக் கட்டையை மாட்டினார். நின்றது. அம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். "முடிச்சு இறுகிப்போய் மாடு கீழ வுழுந்துச்சுனா நாம அருவாமனைய தேடணும். இது நல்லாகீது" என்றாள். அந்தக் குடைக்காம்புக் கயிறு இன்றும் எங்கள் தொழுவத்தில் ஆணியில் தொங்குகிறது. இலவசத் தளத்திலிருந்து எங்களுக்குக் கிடைத்த ரொக்க லாபம் அது.

மூன்றாவது நாள்தான் சிரிப்பு. எப்படிக் கூப்பிடுவீர்கள் என்ற கேள்விக்குப் பிள்ளைகள் எழுதியிருக்கும் பதில்கள். கன்றுக்கு 'சக் சக்' அல்லது 'சக்கி சக்கி'. மாட்டுக்கு 'ஹவ் ஹவ்'. கோழிக்கு 'சக் சக்' என்று சில ஊரில், 'ட்யொக் ட்யொக்' என்று சில ஊரில். பன்றிக்கு 'ஹரிஷ் ஹரிஷ்'. எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் பெயர் ஹரிஷ். அவனிடம் இதைச் சொல்லியிருக்கக் கூடாது, சொல்லிவிட்டேன். அம்மா 'சக்கி சக்கி' என்று கன்றைப் பார்த்துக் கூப்பிட்டாள். அது காதை ஆட்டியது, வரவில்லை. தவிட்டு வாளியைத் தட்டிக்கொண்டே கூப்பிட்டாள். வந்தது. "எந்த ஊருனாலும் வாளி சத்தந்தான்டா பாஷை" என்று முடித்துவிட்டாள். நான் அதோடு விடவில்லை, நம் வீட்டில் என்ன சொல்லிக் கூப்பிடுகிறோம் என்று கேட்டு எழுதிக்கொண்டேன். கோழிக்கு 'பா பா பா'. மாட்டைத் திருப்ப 'ஹே ஹை'. நிறுத்த 'ஓ ஓ'. தண்ணீர் குடிக்க வைக்க அப்பா ஒரு விசில் அடிப்பார். அதை எழுத்தில் எழுத முடியவில்லை. அந்த ஊர்ப் பிள்ளைகளும் இப்படித்தான் திணறியிருக்க வேண்டும். ஒரே ஒலியை ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு ஸ்பெல்லிங்கில் எழுதியிருப்பதை வாத்தியார்கள் சிவப்பு மையால் திருத்தாமல் விட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு என் வணக்கம். நானாயிருந்தால் திருத்தியிருப்பேன்.

கன்று ஈனும் நேரத்து வழக்கங்கள்தான் இந்தச் சேகரிப்பில் ஆழமானவை. மாடு ஈன்றதும் தீர்த்தம் தெளிப்பார்கள். சர்ச்சில் மந்திரித்து வாங்கிய மெழுகுவர்த்தியை ஏற்றி, மடியில் இருக்கும் நீள மயிரை லேசாகக் கருக்குவார்கள். வாலில் சிவப்பு ரிப்பன் அல்லது சிவப்புத் துணித் துண்டு கட்டுவார்கள். ஈன்ற மாட்டுக்கு வெதுவெதுப்பாக ஓட்ஸ் மாவு கரைத்த தண்ணீர் கொடுப்பார்கள். கறக்கும்போது முதல் சொட்டுகளைத் தரையில் விடுவார்கள், அது கண்ணுக்குத் தெரியாத 'நல்லவர்களுக்கு'. தேவதைகளைப் பேர் சொல்லிக் குறிப்பிட மாட்டார்கள், 'நல்லவர்கள்' என்றுதான் சொல்வார்கள். அம்மை போட்டால் நாம் 'ஆத்தா வந்திருக்கா' என்கிற மாதிரி.

மெழுகுவர்த்தி விஷயத்துக்கு அம்மாவிடம் பெரிய எதிர்ப்பு வரும் என்று நினைத்தேன். "மடியாண்ட நெருப்பா?" என்று முதலில் கேட்டது உண்மைதான். அப்புறம் அவளே யோசித்து, மயிர் நீளமாக இருந்தால் சாணி காய்ந்து ஒட்டிக்கொள்ளும், அது பாலில் விழும் என்று காரணம் கண்டுபிடித்தாள். அண்ணன் சிரித்தார். பெரிய பால் பண்ணைகளில் இன்றைக்கும் சுத்தத்துக்காக மடி மயிரைச் சின்னத் தீயால் கருக்குவது உண்டு என்று மாட்டு டாக்டர் சொல்லியிருக்கிறாராம். மந்திரித்த மெழுகுவர்த்தியில் மந்திரம் பாதி, சுகாதாரம் பாதி. சிவப்பு ரிப்பனுக்கு எதிராக அம்மா கறுப்புக் கயிற்றையும் சங்கையும் நிறுத்தினாள். கண்ணேறு விஷயத்தில் இரண்டு ஊரும் ஒன்றுதான். அங்கே தொழுவத்துக்குள் வருகிறவர் மாட்டைப் பார்த்து 'கடவுள் ஆசீர்வதிக்கட்டும்' என்று சொல்லியே ஆக வேண்டும், சொல்லாமல் புகழ்ந்தால் சந்தேகம் வந்துவிடும். இங்கே பால் வாங்க வருகிறவர் "இவ்ளோ கறக்குதா!" என்றால் அம்மா அன்றிரவே மிளகாய் சுற்றுவாள்.

மே 1-ம் தேதி வந்தபோது கொஞ்சம் குழப்பம். அன்றைக்கு அயர்லாந்தில் வீட்டை விட்டுப் பால், வெண்ணெய், நெருப்பு எதையும் வெளியே கொடுக்க மாட்டார்கள் என்று சொன்னேன். "மே தினத்துலயா? ஸ்ட்ரைக்கா?" என்றாள். நியாயமான கேள்வி. எங்கள் பக்கம் மே தினம் என்றால் செங்கொடி, யூனியன் போர்டு, லவுட் ஸ்பீக்கர். இந்தியாவில் முதல் மே தினத்தை 1923-ல் சிங்காரவேலர் கொண்டாடியதே இந்த மெட்ராஸ் கடற்கரையில்தான். அந்த மே வேறு, இந்த மே வேறு. அங்கே அது கோடை தொடங்கும் நாள். அன்றைக்குப் பாலோ வெண்ணெயோ கை மாறினால் அந்த வருடத்து வெண்ணெய் முழுக்க வாங்கினவள் வீட்டுக்குப் போய்விடும் என்று பயம். விடியற்காலையில் அடுத்தவர் புல்வெளியில் துணியை இழுத்துப் பனியை ஒற்றிக்கொண்டு போகும் பெண்களைப் பற்றி ஊருக்கு ஊர் கதை. முயலாக மாறி மாட்டின் மடியில் பால் குடிக்கும் கிழவி கதையும் அப்படித்தான். யாரோ முயலை அடிப்பார்கள், ரத்தச் சுவடைப் பிடித்துக்கொண்டு போனால் ஒரு வீட்டுக்குள் கிழவி காலில் காயத்தோடு உட்கார்ந்திருப்பாள். கதையைக் கேட்டுவிட்டு அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. தெருவில் யாரை நினைத்தாள் என்று நான் கேட்கவில்லை.

ஆனால் கொடுக்கக் கூடாது என்ற சட்டம் அவளுக்கு நன்றாகவே புரிந்தது. விளக்கு வைத்த பிறகு எங்கள் வீட்டில் பால், தயிர், உப்பு மூன்றும் வாசல் தாண்டாது. கைக்குழந்தைக்கு என்று வந்து நின்றால் கொடுப்பாள், சொம்பில் ஒரு கரித்துண்டு போட்டு. அங்கே கொடுத்தே ஆக வேண்டியிருந்தால் பாலில் ஒரு சிட்டிகை உப்பு போடுவார்கள். இங்கே கரி, அங்கே உப்பு.

வெண்ணெய் கடைவதிலும் அப்படி. கடையும்போது வீட்டுக்கு யார் வந்தாலும் ஒரு கை கடைந்துவிட்டுத்தான் போக வேண்டும். சும்மா வந்து சும்மா போனால் வெண்ணெயைக் கூட்டிக்கொண்டு போகிறார் என்று அர்த்தம். கடையும் பீப்பாயின் அடியில் ஒரு நெருப்புக்கட்டி வைப்பது, கழுதை லாடத்தைக் கட்டுவது எல்லாம் உண்டு. "வர்றவன் போறவன் எல்லாம் கடைஞ்சா எனக்கு தோள்பட்ட வலி வந்துருக்காதே" என்றாள் அம்மா. இது மட்டும் இங்கே வழக்கமாக இல்லாமல் போனதில் அவளுக்கு நிஜமாகவே வருத்தம்.

பிரிஜித் என்ற புனிதவதியைப் பற்றிப் பக்கம் பக்கமாக இருக்கிறது. மாட்டுக்கும் பாலுக்கும் காவல் அவர். ஜனவரி 31 இரவு ஒரு துணியை வெளியே போட்டு வைப்பார்கள், அன்றிரவு அவர் அந்தப் பக்கம் போகும்போது அதைத் தொடுவார். அந்தத் துணியை வருடம் முழுக்கப் பத்திரப்படுத்தி, மாடு ஈன முடியாமல் தவித்தால் முதுகில் போடுவார்கள். கோரையில் பின்னிய சிலுவையை வீட்டிலும் தொழுவத்திலும் மாட்டுவார்கள். பிப்ரவரி 1 அவர் நாள். 2023 முதல் அதையொட்டி அரசு விடுமுறையும் விடுகிறார்கள். நம் மாட்டுப் பொங்கல் கழிந்து இரண்டு வாரம்தான். எங்கள் வீட்டில் மாட்டுப் பொங்கல் சாயங்காலம் மாடுகளைத் தெரு சுற்றிக் கூட்டி வந்து வாசலில் வைக்கோல் கொளுத்தி, அது அணைகிற நேரத்தில் தாண்ட விடுவார்கள், பொன்னேரியிலிருந்து அம்மா கொண்டுவந்த வழக்கம். அங்கே ஜூன் 23 இரவு, யோவான் திருநாளுக்கு முதல் நாள், தீ மூட்டி அதைச் சுற்றி மாட்டை ஓட்டியிருக்கிறார்கள். போன பொங்கலுக்கு வால் நுனி கருகிய எங்கள் கிடாரிக்கு இதில் தனிப்பட்ட கருத்து இருக்கலாம்.

சந்தையைப் பற்றிய பக்கங்களை அண்ணனுக்காகப் படித்தேன். விலை பேசும்போது உள்ளங்கையில் எச்சில் துப்பி ஓங்கிக் கைதட்டி முடிப்பார்கள். நடுவில் ஒரு தரகர் நின்று இரண்டு பேர் கையையும் பிடித்து இழுத்துச் சேர்ப்பார். விற்றவர் வாங்கியவருக்குக் கொஞ்சம் காசு திருப்பித் தர வேண்டும், அதிர்ஷ்டக் காசு என்று பெயர். நம் பக்கம் எல்லாம் துண்டுக்கு அடியில்தான். ஒருவர் விரலை இன்னொருவர் பிடித்து அழுத்தி விலை சொல்வார். சுற்றி நிற்கிற பத்துப் பேருக்கும் ஒன்றும் தெரியாது. அப்பா கையைப் பிடித்து அண்ணன் கற்றுக்கொண்டது அந்தப் பாஷையை. "அவங்க ஊருக்கே கேட்கற மாதிரி கைய தட்டறாங்க, நாங்க பொண்டாட்டிக்கே சொல்ல மாட்டோம்" என்றார் அண்ணன். அண்ணி உள்ளேயிருந்து ஏதோ பதில் சொன்னார், அது இங்கே வேண்டாம்.

பன்றி, கழுதை பக்கங்களை வேகமாகத் தாண்டினோம். பன்றிக்கு 'வாடகை கட்டும் பெரிய மனிதர்' என்று பட்டப்பெயர், அதை விற்றுத்தான் நிலத்துக்குக் குத்தகை கட்டினார்கள். பன்றிக்குக் காற்று கண்ணுக்குத் தெரியும் என்று ஒரு நம்பிக்கை. கழுதை முதுகில் சிலுவைக் கோடு ஏசுவைச் சுமந்ததால் வந்தது என்பார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தின நடுராத்திரி தொழுவத்து விலங்குகள் மண்டியிடும், பேசவும் செய்யும், அதை ஒளிந்து கேட்கக் கூடாது. நவம்பரில் மார்ட்டின் திருநாளுக்கு முதல் நாள் சேவலோ வாத்தோ அறுத்து அந்த ரத்தத்தை வாசற்படியிலும் வீட்டு மூலைகளிலும் தெளிப்பார்கள், திருநாளன்று சக்கரம் சுற்றக் கூடாது. ஆடி மாதம் எங்கள் தெருவில் இருந்து பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

கோழி அடை வைப்பது மட்டும் ஒரு சாயங்காலம் முழுக்க ஓடியது. அங்கே ஒரு கோழிக்கு 13 முட்டை, ஒவ்வொன்றிலும் ஒரு சிலுவைக் குறி. இங்கேயும் ஒற்றைப்படைதான், குறியும் போடுவோம், கரியால். குறி எதற்கு? அடை வைத்த பிறகு கோழி புதிதாக இட்ட முட்டை கலந்துவிட்டால் அடையாளம் தெரிய. சிலுவை போட்டாலும் அந்த வேலை நடக்கும். 21 நாள் கணக்கு எந்த ஊருக்கும் ஒன்றே.

அதிசயப் பசு ஒன்றைப் பற்றிய கதையும் பல ஊர்களில் சொல்லப்படுகிறது. எந்தப் பாத்திரத்தை வைத்தாலும் நிரப்பிவிடும் பசு. பேராசைக்காரி ஒருத்தி சல்லடையை வைத்துக் கறந்தாளாம். எவ்வளவு கறந்தும் நிரம்பாமல் பசு மனம் உடைந்து போயேவிட்டது. "சல்லடையில கறந்தா எந்த மாடுடா நிக்கும்?" என்று அம்மா கேட்டது கதைக்காரர்களை அல்ல, அண்ணனை. கறந்தது போதும் என்று தெரியாமல் அன்று காலையில் கன்றுக்குப் பால் விடாமல் கறந்துவிட்டாராம்.

சரி, தளத்தைப் பயன்படுத்துவது பற்றிச் சில வார்த்தை. பசு என்று ஆங்கிலத்தில் தேடினால் கடல் மாதிரி கொட்டும், கரை சேர முடியாது. தலைப்பு வாரியாகப் போனால் நல்லது. ஊர் வாரியாகவும் போகலாம். ஒரு பக்கம் அந்தக் காலத்து நோட்டுப் பக்கத்தின் படம், பக்கத்தில் தட்டச்சு செய்த எழுத்து. தட்டச்சு செய்வது பொதுமக்கள், சம்பளமில்லாமல். அந்தத் திட்டத்தின் பெயர் மெஹல். அறுவடைக்கு அக்கம்பக்கத்தார் ஒன்றாகச் சேர்ந்து ஒருவர் வயலில் வேலை செய்துகொடுக்கும் கூட்டத்துக்கு அந்தப் பெயர், அதையே இதற்கும் வைத்திருக்கிறார்கள். ஐரிஷ் மொழியில் எழுதிய பக்கங்கள் நிறைய. பழைய ஐரிஷ் எழுத்துருவில் வளைத்து வளைத்து எழுதியிருப்பார்கள், கோலம் மாதிரி அழகாக இருக்கும், எனக்கு ஒரு எழுத்தும் புரியாது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் பேனா மை சிந்தின இடம் தெரியும், அடித்துவிட்டு மேலே எழுதின சொல் தெரியும். அதற்காகவே போனில் பார்க்காமல் பெரிய திரையில் பாருங்கள்.

நான் ஒரு தப்பு செய்தேன். அம்மாவுக்குக் காட்டலாம் என்று எங்கள் பக்கத்து பிரவுசிங் சென்டர் ஒன்றில் நாலு பக்கம் பிரிண்ட் எடுக்கச் சொன்னேன். அந்தத் தம்பி லிங்கில் கண்ட பக்கம் எல்லாவற்றையும் அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான். திரும்பி வந்தபோது நாற்பது பக்கம், அதில் முப்பது ஐரிஷ். காசைக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். அந்த முப்பதையும் அண்ணி தவிட்டு டிரம்முக்குள் அடியில் விரித்துவிட்டார். மிச்சம் பத்தும் அம்மாவின் தலையணைக்கு அடியில் இருக்கிறது. அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஒரு பக்கத்தில் எழுதின பெண் ஒரு சொல்லை அடித்துத் திருத்தியிருக்கும் இடத்தை மட்டும் அவ்வப்போது விரலால் தடவிப் பார்ப்பாள்.

மார்க்குக்கு வருகிறேன். நான் ஐந்துக்கு ஐந்து என்றேன். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. மூன்று மாதமாகக் கேட்டுக்கொண்டே வந்தவள் போன வெள்ளிக்கிழமைதான் வாயைத் திறந்தாள்.

"மாடு சொன்னே, ஆடு சொன்னே, பன்னி, கழுத, வாத்து எல்லாம் சொன்னே. எருமை எப்ப வரும்?"

அந்தப் பிள்ளைகள் எழுதின காலத்தில் அந்த ஊரில் எருமை கிடையாது என்றேன்.

"ஒண்ணு கூடவா?"

ஒன்றுகூட இல்லை.

அம்மா இந்த வீட்டுக்கு வந்தபோது தொழுவத்தில் இருந்தது இரண்டு எருமைதான். தண்டையார்பேட்டை டீக்கடைகளுக்கு ஊற்றியதும், என் காலேஜ் ஃபீஸ் கட்டியதும் அந்தப் பாலில். ரொம்ப நேரம் கழித்து, "அரை மார்க் கொறைச்சிக்க" என்றாள். குறைத்துக்கொண்டேன். நாலரை.